நிழல் உபயம்

நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடைப் பெயர் எல்லாவற்றையும் பெயின்ட்டில் எழுதி, மிச்சமிருக்கிற இடுக்கில்தான் வெளிச்சம் வரும். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் ஃபைஸாவும் ஒருத்தி. அதே கூத்து தன் பள்ளிக்கூடத்து மொட்டை மாடிக்கு ஏறி வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

படாளம் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தாற்போல் நிற்கும் சின்ன நடுநிலைப் பள்ளி அது. ஃபைஸா அங்கே அறிவியல் டீச்சர். தினமும் கூடுவாஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே பாடம் நடத்தி, நின்றுகொண்டே திரும்பிப் போகிற பிழைப்பு. அதில் அவளுக்கு வருத்தமில்லை. மத்தியானத்துக்கு மேல் எட்டாம் வகுப்பில் பெண்கள் பெஞ்சு காலியாகிவிடுவதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

காரணம் பரம ரகசியமில்லை. தண்ணீர். காலையில் தொட்டியில் ஏற்றுவது சத்துணவு சமைக்கவும் தட்டு கழுவவும் தீர்ந்துவிடும். மத்தியானம் மறுபடி ஏற்றலாம் என்றால், சுற்றுவட்டாரத்து வயல் மோட்டார்கள் எல்லாம் ஓடுகிற நேரம் அது. அப்போது வருகிற கரண்டில் பள்ளி மோட்டார் உறுமுமே தவிர ஒரு சொட்டுத் தூக்காது. பையன்களுக்கு ஏரிக்கரை இருக்கிறது. பெண்கள் சாப்பிட்ட கையோடு பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வீடு தூரம், போனவர்கள் திரும்ப மாட்டார்கள். பாதிப் பாடம் கேட்காமல் எட்டாம் வகுப்பை முடிக்கிற பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வெளியூர் போவாளா? போக மாட்டாள். அதோடு படிப்பு நின்றுவிடும். போன வருடம் அப்படி நின்றவர்களின் முகம் ஃபைஸாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

இதற்குத்தான் சோலார் வந்தது. இதே பள்ளியில் படித்து, இப்போது பிளாட் போட்டு விற்கும் பரணிதரன் என்பவர், ஆடி மாதத்தில் மாடியில் பேனல்களும் அதில் ஓடும் தண்ணீர் மோட்டாரும் வைத்துக் கொடுத்தார். சந்தனம், குங்குமம், மாலை, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. மத்தியானமும் குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் பெஞ்சு நிறைந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஃபைஸா குதூகலமாக இருந்தாள்.

அந்தப் பாலில் ஒரு போர்டு வந்து விழுந்தது. பரணிதரனின் ஆட்கள் ஒருநாள் வந்து, பேனல்களுக்கு மேற்கே, ரோட்டைப் பார்த்தபடி, இரும்புச் சட்டம் அடித்து இரண்டாள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டுப் போனார்கள். கை கூப்பிய பரணிதரன், 'சூரிய சக்தி உபயம்' என்ற எழுத்து, போன் நம்பர், 'மனைகள் விற்பனைக்கு'. உச்சி வெயில் சாய்ந்ததும் அதன் நிழல் பேனல் மேல் வந்து படுக்கும். சாயங்காலம் வரை எழுந்திருக்காது. சூரியனைக் கொடுத்த புண்ணியவான் தானே சூரியனை மறைத்துக்கொண்டு ஊரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் பாடத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வந்தது. நல்லவேளை, அன்று காலைப் பாடவேளை கிடைத்ததால் பெண்களும் இருந்தார்கள். "சூரிய ஆற்றல் எடுக்க எடுக்கத் தீராதது" என்று ஃபைஸா கரும்பலகையில் எழுதினாள்.

"தீந்துடுது டீச்சர்" என்றாள் முதல் பெஞ்சு காயத்ரி. "சோறு துன்னு முடிக்கறதுக்குள்ள தீந்துடுது."

"கல்பாக்கத்துல அவ்ளோ கரண்டு எடுக்கறாங்க, அங்கேந்து ஒரு வயரு இஸ்துகினு வந்தா இன்னா டீச்சர்?" என்று நிதின் கேட்டான். வகுப்பே சிரித்தது. அது வேறு வகை ஆற்றல், அதற்கு ஒரு வயர் போதாது என்று விளக்கினாள். காயத்ரி சொன்னது பாடப் புத்தகத்திலேயே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை.

அன்று மத்தியானம், பெண்கள் கிளம்புவதற்குள், எல்லோரையும் மாடிக்கு அழைத்துப் போனாள். நிழல் எங்கே தொடங்குகிறது, எப்படி நகர்கிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னாள். ஓரத்தில் கொஞ்சம் நிழல் விழுந்தாலே மொத்த வரிசையும் சோர்ந்துவிடும், ரப்பர் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முனையில் தண்ணீர் வராததுபோல, என்றாள். பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. புரிய வேண்டியவர்கள் கீழே ஆபீஸ் ரூமில் இருந்தார்கள்.

தலைமையாசிரியர் ஜெகதீசன் பொல்லாதவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். சில நேரம் பொல்லாதவரே தேவலை என்று தோன்றும்.

"டீச்சர், தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?" என்றார்.

"பல்லைப் பாக்கல சார். மாட்டோட வாயைக் கட்டி வெச்சிருக்காங்க, அவுத்து விடுங்கன்னு கேக்கறேன்."

"அவரு காம்பவுண்டு சுவரு கட்டித் தரேன்னு சொல்லியிருக்காரு. இந்த நேரத்துல போயி, ஐயா உங்க மூஞ்சிய எடுங்கன்னு நான் சொல்லணுமா?"

"எடுக்க வேணாம் சார், கேட்டாண்ட வெக்கலாமே?"

"பஸ் ஸ்டாப் மறைக்குது. ரோட்ல போறவனுக்குத் தெரியாது."

"அப்ப பேனலை நகத்துவோம்."

"எங்க நகத்துவீங்க? அந்த ஒரு ரூமுக்குத்தான் தளம். மத்ததெல்லாம் ஓடு."

"சரி சார், நானே அவர்கிட்ட பேசறேன்."

"ஐயோ, நீங்க தயவு செஞ்சு சும்மா இருங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாடியிலும் கும்பிடு, கீழேயும் கும்பிடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமிக்கு விஷயமே தெரியாது, பூசாரி தெரியப்படுத்தவும் விட மாட்டேன் என்கிறார். ஃபைஸாவுக்கு மேசையைக் குத்த வேண்டும்போல் இருந்தது. குத்தாமல் வகுப்புக்குப் போனாள்.

கார்த்திகையில் கடலில் புயல் உருவானது. மாமல்லபுரத்தில் படகுகளைக் கரைக்கு மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ரோட்டோர ஃப்ளெக்ஸ்களில் காற்றுப் புகுந்து போக அரைவட்டமாகக் கிழித்துவிடுவது வழக்கம். ஆட்கள் ஏணியோடு அந்த வேலையில் இறங்கியிருந்தார்கள். ஃபைஸாவின் மூளையில் ஒரு பொறி தட்டியது.

"சார், நம்ம போர்டு காத்துல பிச்சுகிட்டு பேனல் மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாள்.

பதில் சொல்வது என்ற பேச்சு வந்தாலே ஜெகதீசனுக்கு வியர்க்கும். "ரெண்டு ஓட்டை போட்டு விடுங்க. சின்னதா" என்றார்.

சத்துணவு சமைக்கும் பூவாயியிடம் காய் நறுக்கும் கத்தியை வாங்கிக்கொண்டு, ஏணி பிடிக்க அவளையும் கூட்டிக்கொண்டு ஃபைஸா மாடி ஏறினாள். சின்னதாக இரண்டு அரைவட்டம் வெட்டினாள். நிழலுக்கு நடுவே இரண்டு துண்டு வெயில் விழுந்தது. அது எதற்கும் போதாது என்று பாடம் நடத்தியவளே அவள்தான். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பரணிதரனைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு ஆகவில்லை. போன் நம்பரைக் கிழித்தாள், மனைகளைக் கிழித்தாள், கூப்பிய கைகளையும் கிழித்தாள். முகம் இருந்த மூலையை மட்டும் விட்டாள். அந்த மூலையின் நிழல் பேனலில் படாது என்பது சாக்பீஸ் கோடு போட்ட அன்றே தெரியும்.

"இன்னாம்மா இது, காத்துக்கு இம்மாம் பெரிய வாசலா?" என்றாள் பூவாயி.

"பெரிய காத்து வருதாம்."

புயல் வழக்கம்போல ஆந்திராவுக்குப் போய்விட்டது. இங்கே ஒரு இலைகூட ஆடவில்லை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது, வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானம் மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் வகுப்புக்குள் கேட்டபோது ஃபைஸா பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். பெண்கள் பெஞ்சில் இடமில்லாமல் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காயத்ரி சந்தேகத்துக்கு மேல் சந்தேகம் கேட்டாள். "ஏண்டி, மூச்சு விட விடுவியா மாட்டியா?" என்று ஃபைஸா அதட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரையும் அதட்டியதில்லை.

அந்தச் சந்தோஷத்துக்குக் கண் பட்டதுபோல, அடுத்த வாரம் பரணிதரனே காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். மேலே அவருடைய தலை மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடடா! காத்து இப்படிப் பிச்சுப் போட்டுச்சா?"

"ஆமா சார். பயங்கரக் காத்து" என்றார் ஜெகதீசன். ஜில்லா முழுக்க ஒரு கொடிக்கயிறு அறுந்ததாகச் செய்தி இல்லை.

ஃபைஸாவால் பொறுக்க முடியவில்லை. "காத்து இல்ல சார். நான்தான் வெட்டினேன்" என்றாள். நிழலைச் சொன்னாள், தொட்டியைச் சொன்னாள், பெண்கள் பாதியில் வீட்டுக்குப் போவதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஜெகதீசனின் முகம் வெளிறியது.

"டீச்சர் தமாஷா பேசுவாங்க சார்" என்று அவர் நடுவில் புகுந்து சிரித்தார்.

பரணிதரனும் சிரித்தார். "தெரியுதே. நம்ம ஸ்கூலு டீச்சருங்களுக்கு அப்பவே வாய் ஜாஸ்தி."

"தமாஷ் இல்ல சார். ஒரே ஒரு தடவை மாடிக்கு வந்து பாருங்க."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. யாரோ மனை பார்க்க வந்து காத்திருக்கிறார்களாம். பேசிக்கொண்டே காரில் ஏறியவர், கண்ணாடியை இறக்கி, "கவலைப்படாதீங்க டீச்சர். இந்த ஃப்ளெக்ஸே வேணாம். கெட்டித் தகரத்துல அடிச்சுத் தரேன். எந்தப் புயலுக்கும் அசையாது" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உதவி செய்கிறேன் என்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? காற்று என்று முதலில் பொய் சொன்னவள் அவள்தான். தன் கையே தன் கண்ணைக் குத்திவிட்டது. கார் போன பிறகு, "சுவரு கேன்சல் ஆகாம தப்பிச்சுது" என்று ஜெகதீசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

சொன்ன சொல் தவறாத மனிதர். தகரம் வந்தது. முன்னைவிட அகலம், முன்னைவிட உயரம். ஃப்ளெக்ஸிலாவது கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது, இதில் கரிக்கோடு போட்டதுபோல் நிழல். முதல் நாளே, சாப்பிட்டு முடிப்பதற்குள் மோட்டார் இருமி நின்றது. குழாய் காற்றைக் கக்கியது.

பெண்கள் தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஃபைஸா கேட்டருகே நின்றாள். இருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஒருத்தி "வரேன் டீச்சர்" என்றாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், ஏதோ அவர்கள் செய்த தப்பு மாதிரி.

காயத்ரி கடைசியாக வந்தாள். பக்கத்தில் வந்து நின்று, ஆபீஸ் ரூமைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், எங்க நைனா டிங்கரிங் கடை வெச்சிகினு கீறாரு. காரு, லாரிக்கெல்லாம் தகரம் வெட்ற கத்திரி கீது. நாளைக்கி எட்த்துகினு வரட்டா?"

அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று கண்டிக்கத்தான் ஃபைஸா வாயைத் திறந்தாள். ஒரு சின்னப் பெண், வகுப்பில் முழு நாள் உட்கார்ந்திருப்பதற்காக, இரும்பு வெட்டும் கத்திரியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. ரோட்டில் மற்ற பெண்கள் வெயிலில் சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

"நீ அதைத் தொடவே கூடாது" என்றாள் ஃபைஸா. "கடை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."