தகரப் பலகையின் முதுகு

“இங்கயுமா, அக்கா? தேரடித் தெருவுல எதிர்லயே கடை போட்டான். பஸ் ஸ்டாண்டுல ஒட்டினாப்ல போட்டான். இப்ப மலை சுத்துற வழிக்கும் வந்துட்டானே!”

“வரட்டும்டா வேணு. நீ துணியில பேர எழுது. எழுத்து பெருசா இருக்கட்டும்.”

விளம்பரம் எழுதும் வேணுவிடம் இப்படிச் சொன்ன சரசு, மலைமகள் டீத்தூள் கம்பெனியின் தேரடிக் கடையைப் பார்த்துக்கொள்பவள். ஆறு மாதமாக அவள் கால் வைத்த இடமெல்லாம் மதராஸ் வெண்சங்கு டீ கம்பெனியும் கால் வைத்தது. முதலாளி ராஜமாணிக்கம் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டார்: “தீபத்தன்னிக்கு அடி அண்ணாமலையில அவங்களவிட ஜாஸ்தி வித்துக் காட்டு சரசு. கம்மியாச்சுன்னா தேரடிக் கடைய மூடிடுவேன்.”

அது எண்பத்திரண்டாம் வருஷத்துக் கார்த்திகை. தீபத்துக்கு முதல் நாள், காஞ்சி ரோடு வழியாக ஒரு வேன் அடி அண்ணாமலைக்கு வந்து நின்றது. வெண்சங்கின் ஏஜென்ட் தருமன் இறங்கினார். மூன்று ஆள் உயர விளம்பரத் தகரப் பலகையை, தங்கள் பந்தலருகே, தான் வந்த திசையைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். பிறகு, புதுத் தீவைக் கண்டுவிட்ட கப்பல் தலைவனைப்போல் இடுப்பில் கைவைத்து அதை அண்ணாந்து பார்த்தார்.

சரசு அடி அண்ணாமலையிலேயே பிறந்தவள். வலம் வருகிறவர்கள் மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, செங்கம் ரோட்டிலிருந்துதான் வருவார்கள். லட்சம் பேரில் ஒருவர்கூட காஞ்சி ரோட்டிலிருந்து எதிர்த்திசையில் நடக்க மாட்டார். அத்தனை பேரும் பார்க்கப்போவது அந்தப் பலகையின் முதுகை.

“சார், போர்டுக்குப் பின்னாடி சும்மாதான இருக்கு? எங்க துணிய அதுல கட்டிக்கட்டுங்களா?”

தருமன் விழுந்து விழுந்து சிரித்தார். “தாராளமா கட்டிக்கம்மா. காக்கா படிச்சிட்டுப் போவட்டும்.”

வேணு பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டான். சிரிப்பு வெளியே தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் விடிவதற்குள் கூட்டம் வந்தது. வளைவு திரும்பியதும் எல்லோர் கண்ணிலும் பட்டது ஒன்றுதான்: ‘கால் வலிக்குதா? மலைமகள் டீ!’ பலகைக்குக் கீழே வெண்சங்கின் பந்தல். அதற்குள் நுழைந்து, “மலைமகள் டீ குடுங்க” என்று கேட்டார்கள் சிலர். பந்தல் ஆள் முழித்தான். “அங்க, அடுத்த பந்தல்” என்று கைகாட்டியே அவன் கை ஓய்ந்துபோனது.

மத்தியானத்துக்குள் மலைமகள் டீத்தூள் பாக்கெட்டுகள் தீர்ந்தன. ராஜமாணிக்கமே ஜீப்பில் மூட்டைகளோடு வந்தார். பலகையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

“தேரடியில பக்கத்துக் கடை காலியாத்தான இருக்கு? அதையும் சேத்து எடுத்துடு சரசு” என்றார்.

சாயங்காலம் உச்சியில் தீபம் ஏறியது. பாதை முழுவதும் “அரோகரா!” என்று அதிர்ந்தது. அது தனக்கும் சேர்த்துத்தான் என்று சரசுவுக்குத் தோன்றியது.

கை கூப்பியபடியே திரும்பினாள். தருமன் நின்றிருந்தார். கையில் மலைமகள் டீ.

“ஏம்மா, நாளைக்கும் கூட்டம் வருமாமே? எங்க போர்ட இந்தப் பக்கம் திருப்பணும். எங்க ஆளுங்க பத்தல. உங்க வேணுவ கொஞ்சம் அனுப்புறீங்களா?”