ரூபிக்கு எட்டுப் பொருத்தம்

நாய்க்கு ஜாதகம் பார்த்த மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பெயர் சண்முகசுந்தரம். தி.நகரில் மூன்று மாடிப் பட்டுப்புடவைக் கடை, அபிராமபுரத்தில் வீடு, வீட்டில் ஒரு ஜோடி லாப்ரடார். மேற்கு மாம்பலத்தில் நான் வேலை பார்க்கும் நாய் ஆஸ்பத்திரிக்குப் போன வருஷம் ஒரு நாள் ரூபி என்ற பெண் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஜோதிலட்சுமி, அங்கே எக்ஸ்ரே எடுப்பவள்.

ரூபியை மேட்டிங் விடப் போவதாகச் சொன்னார். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும், ஆண் பெண் இரண்டுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள் என்று எங்கள் டாக்டர் பொறுமையாக விளக்கினார். சண்முகசுந்தரம் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் தடவிய காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். இரண்டு ராசிக் கட்டம், கீழே ஜோசியர் கையெழுத்து.

"பொறந்த நேரம் ரெண்டுக்கும் இருக்கு டாக்டர். பத்துக்கு எட்டுப் பொருத்தம். இதுக்கு மேல எக்ஸ்ரே எதுக்குங்கேன்?"

டாக்டர் மரியாதை தெரிந்தவர், சிரிக்கவில்லை. நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அன்று சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். சண்டை போட்டிருக்க வேண்டும்.

ஆறு குட்டிகள் பிறந்தன. அவற்றை அவர் விற்ற அழகே தனி. வெள்ளிக்கிழமை, நல்ல நேரம், வாசலில் கோலம். வாங்க வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணி போட்ட கடைப் பை, கூடவே குட்டி. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி கண்ணை வேறு துடைத்துக்கொண்டாராம். அதோடு உறவு முடிந்தது. அப்புறம் குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று யார் போன் செய்தாலும் சண்முகசுந்தரம் அண்ணாச்சி கடையில் பிசி.

ஐந்து குட்டிகள் போய்விட்டன. ஆறாவது, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரித் தத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. தீபாவளிக்குக் கடையில் புடவை எடுத்துக் காட்டும் தேவானையிடம் ஸ்வீட் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஜாதி நாய் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னாராம். விலைபோகாத சரக்கைத் தள்ளிவிடுவதற்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

தேவானை, அடையாற்றங்கரைக் குடிசைகளை இடித்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குத் தூக்கிப் போடப்பட்டவள். ஏழாவது மாடியில் வீடு, லிஃப்ட் ஓடினால் அன்று விசேஷம். குட்டிக்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடியும் ஏறி இறங்கினாள். எட்டு மாதமானபோது அது உட்கார்ந்தால் எழ முடியாமல் முனகியது. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். படம் எடுத்தேன். குழிக்குள் பொருந்தி உட்கார வேண்டிய எலும்பு, விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

"எப்பிடிக்கா கீது?" என்றாள்.

மறைக்காமல் சொன்னேன். ஆபரேஷன் செய்யலாம், முழுசாகச் சரியாகும் என்று சத்தியம் செய்ய முடியாது, பெற்றதுகளிடமிருந்து வந்திருக்கும். அவள் அழவில்லை. ஜாங்கிரியின் காதைத் தடவிக்கொண்டே, ரூபி அதே ஜோடியோடு சேர்ந்து மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது, வரும் வெள்ளிக்கிழமை கொடுக்கப் போகிறார் என்றாள்.

டாக்டர் உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டார். இரண்டு நாய்களுக்கும் எக்ஸ்ரே எடுங்கள், அதுவரை குட்டிகளைக் கொடுக்காதீர்கள், முன்பு வாங்கினவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள் என்றார். அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது. தேவானை கண்டதைப் போட்டு வளர்த்திருப்பாளாம், மாடிப்படி ஏற்றிக் கெடுத்திருப்பாளாம், ஜாதி நாயை வளர்க்க ஒரு யோக்கியதை வேண்டுமாம். அதே மூச்சில், தாய் தகப்பன் இரண்டும் ஆரோக்கியம் என்று லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி அனுப்பச் சொன்னார். டாக்டர் மறுத்துவிட்டார். குட்டிகளின் தடுப்பூசிப் புத்தகங்களை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார்.

சண்முகசுந்தரத்தின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பில் போடுவதற்கு முன் புடவையை முழு நீளத்துக்கும் பிரித்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, எங்காவது இழை விட்டிருந்தால் வாடிக்கையாளருக்குக் காட்டியாக வேண்டும். காட்டாமல் பில் போட்டவள் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். இந்தப் பெருமையை எங்கள் டாக்டரிடம்கூட அவர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனபோது ரூபியின் கழுத்தில் மல்லிகைச் சரம் கிடந்தது. பை எடுத்துக் கொடுக்கத் தேவானையைக் கடையிலிருந்து வரவழைத்திருந்தார். சீருடைப் புடவையில் கூடத்து மூலையில் நின்றாள். முதலில் வந்தவர்கள் ஹரி, சிந்து என்ற இளம் தம்பதி. அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பம் காத்திருந்தது. தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே பார்த்தீர்களா என்று சிந்து கேட்டாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அண்ணாச்சி மஞ்சள் காகிதத்தை நீட்டினார். ஹரி அதை வாங்கி ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்தான். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது, கண் ராசிக் கட்டத்தில் மேய்கிறது. இவர்களை நம்பித்தான் அவர் கடை விரிக்கிறார்.

தேவானை தன் கைப்பைக்குள்ளிருந்து, நான் எடுத்துக் கொடுத்திருந்த ஜாங்கிரியின் எக்ஸ்ரே பிலிமை எடுத்தாள். டியூப்லைட்டுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கடையில் பேசும் அதே பணிவான குரல்.

"மேடம், எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா பார்த்துக்கோங்க. இது இந்தக் குட்டிங்களுக்கு அண்ணன். ரெண்டு பக்கமும் எலும்பு வெளிய வந்துகீது. எட்டு மாசத்துல எய்ந்து நிக்க முடில. இதுங்களுக்கும் வரும்னு நான் சொல்லல. பெத்ததுங்கள படம் புடிச்சிப் பாக்காம எட்த்துக்கினு போவாதீங்க."

அண்ணாச்சியின் முகம் சுண்டிவிட்டது. ஆட்கள் முன்னால் கத்த முடியாதே, வியாபாரியாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏ புள்ள, உள்ள போ. இது என்ன, நம்ம கடைப் புடவையா?" என்றார்.

"புடவைக்கே காட்டச் சொல்லுவீங்களே அண்ணாச்சி. இது மூச்சு வுடுது."

சிந்து கையிலிருந்த குட்டியை ரூபியின் பக்கத்தில் இறக்கிவிட்டாள். எக்ஸ்ரே எடுத்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஹரி ஜாதகத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் ஓடினான். மற்ற மூன்று குடும்பமும் தேங்காய்ப் பையை வைத்துவிட்டுப் போனது.

திங்கட்கிழமை சண்முகசுந்தரம் ரூபியை எங்களிடம் கொண்டுவந்தார், ராகுகாலம் கழித்துத்தான். படத்தை லைட்பெட்டியில் மாட்டினேன். ஜாங்கிரியின் இடுப்பேதான், கொஞ்சம் பெரிய அளவில். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். முதல் ஈற்றுக் குட்டிகளை வாங்கிய ஐந்து வீட்டு நம்பர்களும் தடுப்பூசிப் பதிவில் இருந்தன. அவர் எதிரிலேயே எழுதி டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் எழுந்து போவதற்குள் டாக்டர் முதல் நம்பரை அழுத்திவிட்டார்.

கடையில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. குறையைக் காட்டாமல் விற்று வேலை இழந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். காட்டியதற்காக வேலை இழந்தவள் தேவானை ஒருத்திதான்.