எலுமிச்சம்பழம் நசுங்கும் வரை

வெள்ளிக்கிழமை காலை. காரின் கியர்ப்பெட்டியிலிருந்து பழைய ஆயில் வடிந்து முடியவும் ராகுகாலம் பிறக்கவும் சரியாக இருந்தது.

"புது ஆயில இப்ப ஊத்தாத கண்ணு. பன்னெண்டு தாண்டட்டும்" என்றாள் அம்மா அம்புஜம். ரவிதேஜா மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. ராகுவை எதிர்கொள்ள அவன் பாடத்திட்டத்தில் வழியேதும் சொல்லப்படவில்லை.

கார், அப்பா துறைமுக ஏலத்தில் எடுத்த ஜப்பான் வண்டி. கிளட்ச் கிடையாது; கியர் தானாக மாறும். கொஞ்ச நாளாக மாறும்போதெல்லாம் உதறியது. அப்பா ஊரில் இல்லை. சாயங்கால மலை ரயிலில் மேட்டுப்பாளையம் வந்திறங்கும் வகுப்புத் தோழி பூஜிதாவை அந்தக் காரில் கூட்டிவருவதாக ரவி வாக்குக் கொடுத்திருந்தான். தவறினால் அங்கே அதே வகுப்பு அழகிரிசாமி தன் மாருதியோடு நிற்பான். வீட்டில் சொன்னதோ, ஆயில் மாற்றியதும் மேட்டுப்பாளையம் வரை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது மட்டும்.

பன்னிரண்டுக்கு ராகு விலகினார். கூடவே, உதவிக்கு வந்த நண்பன் ரியாஸும் கிளம்பினான்.

"ஜும்மா முடிச்சுட்டு வாரேன் மாப்ள. அதுவரைக்கும் தொட்டுப்போடாத."

ரவிக்கு உட்கார முடியவில்லை. பானெட்டைத் திறந்தான், மூடினான். தண்ணீர் குடித்தான். மறுபடி திறந்து, ஊற்றியே விட்டான். அம்பாசடர் இன்ஜினுக்குப் பார்ப்பது போலவே, வண்டி ஓடாமல் நிற்கும்போது கியர்ப்பெட்டியின் அளவுக்கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தான். மேல்கோடு வரை ஆயில். மிச்ச டின்னை ஓரமாக வைத்தான்.

அம்புஜம் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். ரவி லீவரைத் தள்ளி ஆக்சிலேட்டரை மிதித்தான். இன்ஜின் அலறியது. பழத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

ரியாஸ் திரும்பியபோதும் அது அப்படியே இருந்தது.

"என்றா பண்ணிப்போட்ட?"

"கோடு வரைக்கும் இருக்குதுடா. சத்தியமா!"

வேறொன்றும் தோன்றாமல், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரியாஸ் கம்பியை உருவினான். நுனி மட்டும் ஈரம். அணைத்துப் பார்த்தார்கள்: நிறைந்திருந்தது. ஓடவிட்டால் காலி.

"பரீட்சைக்கு முன்னாடி நெறஞ்சிருக்குது, கொஸ்டின் பேப்பரக் கண்டா காலி. உன்ற மண்டை மாதிரியேடா!"

ஓடத் தொடங்கினால் கியர்ப்பெட்டி ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓடும்போது பார்ப்பதுதான் அளவு. இன்ஜினை ஓடவிட்டே மிச்ச டின்னையும் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினார்கள். கம்பி கோடு வரை நனைந்ததும் ரவி லீவரைத் தள்ளினான். பச்சக்கென்று பழம் நசுங்கியது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

பின்கதவு திறந்தது. இரண்டு ஒயர்கூடைகளோடு அம்புஜம் ஏறினாள்.

"மேட்டுப்பாளையத்துல காயெல்லாம் சல்லிசாமா. ஏனுங் பாவாத்தாக்கா, வாங்க!"

பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் முன்சீட்டில் வசதியாக அமர்ந்தாள். ரவி ரியாஸைப் பார்த்தான். ரியாஸ் குனிந்து டயரை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

கார் வழுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டியது.

"வண்டி உதறவே இல்லையே கண்ணு" என்றாள் அம்புஜம். "நீ எதுக்கு இந்த உதறு உதறுற?"