மியூரியலுக்காக ஒரு ஜெபம்

ஜெபரட்ணம் மாஸ்டருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழகிய ஆள் என்றால் அளவாகச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளாமல் தப்பியிருப்பார். இவர் அறுபது தாண்டிய பிறகு ஒரு பொய்யைச் சொன்னார். அது கையை விட்டுப் போய், தெல்லிப்பழை முழுக்கச் சுற்றிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

போர்த்துக்கல் போகிற யோசனை அவருடைய மனைவி மியூரியலுடையது. பாலர் வகுப்பில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. கைபேசியில் எதையோ தேடப் போய், வெள்ளை அடித்த வீடுகளும் நீல ஓடு பதித்த சுவர்களும் கடற்கரையில் வெயில் காயும் கிழவிகளும் கண்ணில் பட்டுவிட்டன. அன்று பிடித்த பிடியை அவள் விடவில்லை.

"ஐரோப்பாவிலை உது மலிவான இடமாம். ஒக்டோபர் கடைசியிலை போனால் ரிக்கற்றும் குறைவு, அறையும் குறைவு. அப்பவும் அங்கை வெயில் எறிக்குமாம்."

"பாஷை?"

"அலுமாரி, சப்பாத்து, தாச்சி எல்லாம் அவங்கடை சொல்லுத்தானே. பாதி தெரியும், மிச்சத்துக்குக் கையைக் காட்டுவம்."

திட்டமும் அவளுடையதுதான். குசினியோடு கூடிய அறை. வாடகைக் கார் கிடையாது, பஸ்தான். காலையில் அங்கே கடையில் வாங்கும் பாண், இரவில் இங்கிருந்து கொண்டுபோகும் மாவில் இடியப்பம். கருவாடு மட்டும் வேண்டாம், வெள்ளைக்காரன் அறையை விட்டுக் கலைத்துப்போடுவான் என்று சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். மியூரியல் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ காலம். வீட்டுக்குள் இருக்கும்வரை அவருக்கும் அந்தப் பயணம் பிடித்துத்தான் இருந்தது.

வாசல் படலையைத் தாண்டியதும் வெட்கம் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் வெளிநாடு போவதற்கு நியாயங்கள் உண்டு. மகளின் பிள்ளைப்பேறு, மருமகனின் வீடு குடிபூரல், தமையனின் செத்தவீடு. ஒன்றுமில்லாவிட்டால் போய் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதையும் ஊர் விளங்கிக்கொள்ளும். ஆனால் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத நாட்டுக்கு, கடல் பார்க்கவும் வெயில் காயவும் போவதென்றால்? கீரிமலைக் கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. கேட்டவன் வாயால் சிரிக்கமாட்டான். மாஸ்டருக்குக் கிழட்டு வயதில் வந்த ஆட்டம் என்பான். முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கி வைத்திருந்த மனுசனுக்கு அந்தச் சிரிப்பை நினைக்கவே உடம்பு கூசியது.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது லெனாட் வழிமறித்தார். சபையின் செயலாளர். அவருடைய காதில் போட்டால் தனியாக மணி அடிக்கத் தேவையில்லை.

"என்ன மாஸ்டர், விசாவுக்குப் போட்டிருக்கிறியளாம். ஆரட்டைப் போறியள்?"

ஆரட்டை! யாரிடம் என்று சொல்ல அங்கே அவர்களுக்கு ஒருவரும் இல்லை. நாக்கு தானாகவே ஒன்றைத் தேடி எடுத்தது.

"மியூரியலுக்கு ஒரு சின்ன வைத்தியம். அங்கை ஒரு டொக்டர் இருக்கிறாராம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அவ விரும்பமாட்டா."

லெனாட்டின் முகம் உடனே மாறியது. மாஸ்டரின் கையைப் பிடித்து அழுத்தினார். சிரிப்பு இல்லை, நையாண்டி இல்லை. மாஸ்டருக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அவர் அதிகம் கூசினார்.

அடுத்த ஞாயிறு போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தபோது மியூரியலின் பெயரும் வந்தது. மியூரியல் பின்பக்க மண்டபத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுடன் இருந்தாள். "கடும் நோயினால் வருந்துகிற எங்கள் சகோதரியைத் தொட்டுச் சுகப்படுத்தும் ஆண்டவரே" என்றார் போதகர். சின்ன வைத்தியம் ஒரு கிழமைக்குள் கடும் நோயாகிவிட்டது. அப்போதாவது எழும்பி நிறுத்தியிருக்கலாம். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார்.

அதன் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் ஆட்டெலும்பு ரசம் கொண்டுவந்தார், ஒருவர் நீர்வேலியிலிருந்து கதலி வாழைக்குலை. பெண்கள் மியூரியலைக் கட்டிப்பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார்கள். லெனாட் ஒவ்வொருவரிடமும் மியூரியலின் முன்னால் நோய் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதை மட்டும் எல்லாரும் ஒழுங்காகக் கைக்கொண்டார்கள்.

"நாங்கள் பத்து நாள் போறதுக்கே சனம் எவ்வளவு பாசமா இருக்குது, பாத்தியளே?" என்றாள் மியூரியல். மாஸ்டர் ரசத்தைக் குடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் மிரியம் வந்தாள். ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வளவு, தையல்காரி, நாற்பது வயது. மார்பில் வந்த புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். தலைமுடி கொட்டிப்போய்த் துணி கட்டியிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. மியூரியல் தேத்தண்ணி போட எழும்பினாள்.

"வேண்டாமக்கா. வெள்ளியிலை உங்களுக்காக உபவாசம் இருக்கிறன். பின்னேரம்தான் ஏதும் வாயிலை வைப்பன்."

"எனக்காகவோ? இந்த உடம்போடையோ? என்னத்துக்கு?"

மிரியத்துக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "கதைக்கவேண்டாம் எண்டவைதான். ஆனால் எனக்கு இதைக் கேக்காமல் இருக்கேலாது. போர்த்துக்கல்லிலை நீங்கள் காட்டப்போற டொக்டரிட்டை என்ரை ரிப்போட்டையும் ஒருக்காக் காட்டுவியளே? நான் அவ்வளவு தூரம் வரேலாது. பாத்து, சுகம் வருமோ வராதோ எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

பையிலிருந்த ஸ்கான் படங்களை அவள் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூலை மடங்காமல் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள்.

மியூரியல் படங்களைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாஸ்டர் இன்னொரு பொய்யைத் தேடியிருப்பாரோ என்னவோ.

"டொக்டர் ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "டொக்டரும் இல்லை, மியூரியலுக்கு வருத்தமும் இல்லை. நாங்கள் சும்மா கடல் பாக்கப் போறம். சொல்ல வெக்கமா இருந்தது. லெனாட்டுக்கு நான்தான் பொய் சொன்னனான்."

மியூரியல்தான் வாய் திறந்தாள். சத்தம் போடவில்லை.

"எனக்கு வருத்தம் எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கம் வரேல்லை. நான் ஒருக்காச் சந்தோசமா இருக்கப் போறன் எண்டு சொல்லத்தான் வெக்கம், என்ன?"

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். மிரியம் இனி என்ன சொன்னாலும் தகும் என்று நினைத்தார். காறித் துப்பினாலும் தகும். துப்பினால் நல்லது என்றுகூட இருந்தது.

மிரியம் மியூரியலின் கையைப் பிடித்தாள்.

"அப்ப அக்காவுக்கு ஒண்டுமே இல்லையோ? உண்மையாவோ?"

"ஒண்டுமில்லையடி."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கத்தியேவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நான் பயந்து செத்துப்போனன் அக்கா. எனக்கு வந்தது உங்களுக்கும் வரக்கூடாது எண்டு முட்டுக்காலிலை நிண்டு அழுதனான்." சிரித்தபடியே துணியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு படங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு மாஸ்டரைப் பார்த்தாள்.

"அப்ப நான் இப்ப சாப்பிடலாம், என்ன மாஸ்டர்? காலமையிலை இருந்து சரியாப் பசிக்குது."