சிட்டாங் ஆற்றுப் பாலம்

கூடத்து மேசையின் ஒரு முனையை ரஜீனாவும் மறுமுனையை அவள் தம்பி ஃபிரோஸும் பிடித்துத் தூக்கினார்கள். அத்தாவின் மய்யத்தைக் கிடத்த இடம் வேண்டும். மேசைமேல் அவர் வரைந்த பர்மா வரைபடமும், பட்டாளங்களாக அடுக்கிவைத்த சோடா மூடிகளும் அப்படியே இருந்தன.

"இதெல்லாம் வாரிக் கொட்டிரலாமாக்கா?"

"வேண்டாம்டா. ஆடாம சமையக்கட்டுக்குக் கொண்டு போ."

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அவர்களுடைய அத்தா சைனுதீன் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். கோழி அறுக்கவே ஆள் தேடுகிற மனிதர். இரண்டாம் உலகப் போரில் அவருக்கு அப்படி என்ன மயக்கம் என்று வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. கடை சாத்திவிட்டு வந்தால் அந்த மேசையும் போனும்தான். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் பீரங்கி பற்றியே பேசினார் என்று ரஜீனாவுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

மதியத்துக்கு மேல் நெட்டையான ஒருவர் வந்தார். பெயர் ஏசுதாஸ். தேவிகுளத்தில் தேயிலை ஃபேக்டரி வேலை. போர் வரலாறு பேசும் வாட்ஸப் குழுவில் அத்தாவுக்குப் பழக்கம். நேரில் முகம் பார்த்தது இன்றைக்குத்தான். பார்த்துவிட்டு வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரஜீனா டீ கொடுத்தாள்.

"அத்தாகூடப் போன்ல சண்டை போடறவரு நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா. வெளையாட்டுல நான் ஜப்பான்காரன். அண்ணாச்சி பின்வாங்குற இந்தியப் பட்டாளம். சிட்டாங் ஆத்துல ஒரு பாலம். எதிரி வந்துருவான்னு பயந்து இவங்களே அதுக்கு வெடி வச்சுட்டாங்க. பாதிக்கு மேல பட்டாளம் அக்கரையிலயே மாட்டிக்கிடுச்சு."

"முடிஞ்சு போன சண்டைதானுங்களே. திரும்பத் திரும்ப வெளையாடி என்னங்க கெடைக்கும்?"

ஏசுதாஸ் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சதுனாலதாம்மா. யாரு எங்க பெசகுனான்னு தெரியும். மாத்திப் பாக்கலாம்ல? எனக்கு ஜெயிக்கணும். அண்ணாச்சிக்கு அதெல்லாம் கெடையாது. அம்புட்டுப் பேரையும் இக்கரைக்குக் கொண்டாந்துரணும், அவ்வளவுதான். 'இன்னும் ஆளு வருது, பொறுங்க'ம்பாரு. நானும் பொறுப்பேன்."

டீயில் ஆடை படிந்துவிட்டது. வேறு டீ கொண்டுவர உள்ளே போன ரஜீனா சமையக்கட்டில் அந்த வரைபட மேசை முன்னால் நின்றுவிட்டாள்.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில், அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். தோள் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஏசுதாஸ் கடைசி ஆளாக நடந்தார். முன்னால் சுமந்துகொண்டிருந்த ஃபிரோஸ் திரும்பிப் பார்த்தான். அவரைக் கூப்பிட்டு, தனக்குப் பின்னால் இடம் விட்டான்.

ஏசுதாஸ் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்தார். அவர் உயரத்துக்குச் சந்தூக்கு அந்தப் பக்கம் சட்டென்று உயர்ந்தது. அவர் முழங்காலை மடக்கி, மற்றவர்களின் தோளுக்குச் சமமாகத் தன் தோளைத் தாழ்த்திக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை அப்படியே நடந்தார்.