முதல் அளவு

பொன்னம்மைக்குப் பால் சுரக்கவில்லை. கருஞ்சீரகத்தை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டிக் கொடுக்கச் சொன்னாள் மருத்துவச்சி.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அவள் கணவன் நீலகண்டனுக்கு மொத்தக் கடை. கொச்சியிலிருந்து வள்ளத்தில் வந்த கருஞ்சீரக மூட்டை அங்கே பிரிக்காமல் கிடந்தது.

"வெள்ளிக்கிழமதான் பிரிக்கணும்," என்றான் அவன். "முதல் அளவு விக்கதுக்கு. வீட்டுக்கு எடுத்தா மூட்டை விளங்காது."

"பக்கத்துக் கடையில வாங்கப்பிடாதா?"

மாமியார் சரஸ்வதியம்மாள் சிரித்தாள். "நம்ம சரக்க அடுத்தவன்கிட்ட போயிக் கேக்கவா? தெருவே காறித் துப்பும். ஏட்டி, பொட்டப்பிள்ளதானே. பட்டினி கிடந்து பழகட்டும்."

திரியில் நனைத்து வாயில் வைத்த பசும்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை இறந்தது. தீட்டு வந்ததால் வெள்ளிக்கிழமையும் மூட்டையைப் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அதே வீட்டில் நாத்தனார் முத்தாரம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த கையோடு அவளுக்குக் கடுங்காய்ச்சல். பிள்ளைக்குப் பால் இல்லை. பசும்பால் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை; சர்க்கரைத் தண்ணீரைத்தான் தொட்டு வைத்தார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தீட்டுக்கூடக் கழியவில்லை. சரஸ்வதியம்மாள் தானே கடைக்குப் போய், அரிவாளால் மூட்டையைக் கிழித்து மடி நிறைய அள்ளி வந்தாள். வறுத்த வாசனை வீடெல்லாம் ஏறியது. பொன்னம்மையின் சோற்றில் கருஞ்சீரகமும் பூண்டும் தட்டிப்போட்ட குழம்பு. பொழுது சாய்ந்ததும் பாகு உருண்டை.

"தின்னு மக்ளே," என்றாள் மாமியார். இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பொன்னம்மை தின்றாள். கொடுத்ததையெல்லாம் தின்றாள். கேட்டும் வாங்கித் தின்றாள்.

சனிக்கிழமை மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. சரஸ்வதியம்மாள் ஓடிப்போய்ப் பேரனைத் தூக்கி வந்து அவள் மடியில் போட்டாள். அவன் அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

பொன்னம்மை அவனை எடுத்துப் பாயில் கிடத்தினாள். எழுந்து பாத்திரம் கழுவும் அங்கணத்துக்குப் போய்க் குனிந்து, பாலைப் பீய்ச்சினாள். சாக்கடையில் வெள்ளையாக ஓடியது.

"என்னட்டி பண்ணுதே!"

"முதல் அளவை வீட்டுக்கு எடுக்கப்பிடாதுல்லா அத்தை?"

சரஸ்வதியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பொன்னம்மை அசையவில்லை. சத்தம் கேட்டு நீலகண்டன் வாசற்படியில் வந்து நின்றான்.

"பொன்னம்மை, பிள்ள செத்துரும். பின்னே எப்பதாம்ட்டி குடுப்பே?" என்றான்.

அவள் மற்ற மார்பைப் பிடித்தாள்.

"வெள்ளிக்கிழம."