தம்பிக்கு ஒரு தங்கக் கவசம்

என் தம்பி தினமும் சாயங்காலம் சாவான். சோபாவில் உட்கார்ந்து, அடிபட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டி, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, வீடே அதிரக் கத்திக்கொண்டு சாவான். திரையில் சிவப்பு எழுத்தில் 'நீங்கள் வீழ்ந்தீர்கள்' என்று வரும். அவன் ஆறிப்போன டீயை எடுத்துக் குடிப்பான். நான் அப்போதுதான் வேலை முடிந்து உள்ளே நுழைவேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன்.

"என்னடா, இன்னைக்கும் போயிட்டியா?"

"போயாச்சுக்கா."

எனக்குப் பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் கொடுத்து மடிப்பெடுத்துவிட்டு வருகிறவளுக்கு, வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் பொம்மைச் சண்டை போட்டுத் தோற்பதைப் பார்த்தால் எரிச்சல் வராதா? வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். ஏனென்றால் அவன் சும்மா உட்கார்ந்திருந்த மாதங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி டைல்ஸ் போடுகிறவன். சாரம் சரிந்து கீழே விழுந்ததில் இடது கால் முடங்கிப்போனதுதான். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி நடக்க மாட்டான். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் கார் நிறுத்துமிடத்துக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறான். கூட வேலை செய்தவர்கள் கொஞ்ச நாள் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள், "கால் எப்படி இருக்கு?" என்றார்கள், பிறகு காணாமல் போனார்கள். அந்த நேரத்தில்தான் இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது.

ஐந்து ஐந்து பேராக இரண்டு அணி. நடுவில் ஒரு காடு, சதுப்பு நிலம், இரண்டு பக்கமும் கோட்டை. எதிரியின் கோட்டைக் கதவை உடைத்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான். தம்பியின் அணிக்குப் பெயர் ஓட்டை வாளி. பெயரைப் பார்த்தாலே தெரியும், பைசாவுக்கு வழியில்லாத கூட்டம். தலைவியைக் 'கேப்டன்' என்பார்கள். கரகரத்த குரல், ஏதோ ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாளாம். தம்பிக்கு அங்கே நோஞ்சான் என்று பெயர். திரையில் அவன் ஓட்டும் ஆளும் நோஞ்சான்தான். கிழிந்த பனியன், கையில் ஒரு தடி.

எதிரிகள் அப்படியில்லை. அந்த விளையாட்டில் பெட்டி விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கித் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தங்கக் கவசம் வரலாம், இரண்டு ஆள் உயரக் கத்தி வரலாம், ஒன்றுக்கும் உதவாத தொப்பியும் வரலாம். காசுள்ளவன் வரும்வரை வாங்கிக்கொண்டே இருப்பான். ஓட்டை வாளியில் சட்டமே வேறு: பெட்டி வாங்கினவன் வெளியே போகணும்.

ஆனால் தினமும் ஒரு இலவசப் பெட்டி உண்டு. தம்பி கூண்டில் இருக்கும்போது அதைத் திறப்பது அவன் மனைவியின் வேலை. "உனக்குத்தான் கைராசி" என்று சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டான். அவளும் மருந்துக்கடை கவுன்டருக்குக் கிளம்புமுன் பயபக்தியோடு திறப்பாள். தொப்பி வரும். சாயங்காலம் இருவரும் அந்தத் தொப்பியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் மருந்துக்கடையில் இருப்பதால் யார் தும்மினாலும் ஒரு மாத்திரை சொல்லுவாள். நான் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் டாக்டரம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

"அண்ணி, இவர் எதுலதான் ஜெயிப்பாரு?"

"எதுக்கு இப்போ அழற?"

"எல்லாரும் சண்டை போடறாங்க. இவர் மட்டும் முதல் ஆளா சாகறாரு. வேலையிலயும் விழுந்தாரு. இங்கயும் விழறாரு. என்னால அந்தச் சிவப்பு எழுத்தைப் பாக்க முடியல அண்ணி."

எனக்கும் மனசு கலங்கிவிட்டது. அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து கிடந்தது. அதற்கு உறை போடப் பணம் சேர்த்து வைத்திருந்தாள். அந்த வாரம்தான் போடப் போவதாக இருந்தது. அதை எடுத்துப் பெட்டி வாங்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணே ஒண்ணு வாங்கிப் பாரு" என்றேன்.

அவளுக்கு விடுமுறை நாள், எனக்கும் ஷிப்ட் இல்லை. தம்பி கிளம்பியதும் இருவரும் டேப்லெட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்தப் பெட்டி சட்டென்று திறக்காது. முதலில் குலுங்கும். இடுக்கு வழியாகப் பொன் வெளிச்சம் கசியும். மேளம் மாதிரி ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போகும். மூடி விலகும்போது தங்கக் கவசத்தின் தோள்பட்டை நன்றாகத் தெரியும். நம் கைக்கு வந்துவிட்டது என்றே நினைப்போம். அப்புறம் அது நழுவி அந்தப் பக்கம் போய்விடும், தொப்பி வந்து விழும்.

"அய்யோ, மயிரிழையில போச்சே!" என்று கத்தினது அவளில்லை, நான்.

இன்னொன்று வாங்கினோம். மறுபடியும் தோள்பட்டை, மறுபடியும் தொப்பி. அடுத்ததில் நீலப் புகை. அதற்கடுத்ததில் ஒரு நாட்டியம்; நோஞ்சான் இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா என்று எனக்குக் கை பரபரத்தது. உலை வைக்க மறந்துபோனோம். அந்தப் பெட்டியைக் குலுங்க வைத்த மகராசன் யாரோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் இஸ்திரி இயந்திரத்தில் கொடுத்து நாலு மடிப்பாக எடுத்துவிடுவேன். கடைசியில், பல்லுக்கு வைத்திருந்தது முழுக்கக் கரைந்த பிறகு, கவசம் வந்தது. டாக்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். நோஞ்சானுக்குத் தலை முதல் கால் வரை மாட்டிவிட்டோம். தம்பியிடம் இலவசப் பெட்டியில் விழுந்தது என்று சொல்வதாக முடிவு.

அவன் நம்பினான். "நான் சொன்னேன்ல, கைராசின்னு!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அன்று ஆட்டம் ஆரம்பித்ததும் நாங்கள் இருவரும் சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். அன்று அவன் சாகவே இல்லை. காடு முழுக்க ஓடினான், ஒருத்தன்கூடக் கிட்டே வரவில்லை. எதிரிகள் அவனைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டோம். அவன் அணி தோற்றதெல்லாம் எங்கள் கண்ணில் படவே இல்லை. அடுத்த நாளும் சாகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவன் முகம் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கேப்டன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தம்பியின் இயர்போன் ஒரு பக்கம் வேலை செய்யாததால் ஸ்பீக்கரில்தான் பேசுவான்.

"நோஞ்சான், உண்மையைச் சொல்லு. காசு போட்டு வாங்கினியா?"

"சத்தியமா இல்ல கேப்டன். இலவசப் பெட்டி. என் வீட்டுக்காரிக்குக் கைராசி."

"இலவசப் பெட்டியில தங்கம் வராது. வரவே வராது. அதை அப்படித்தான் செஞ்சிருக்காங்க. உன்னால தொடர்ந்து தோக்கறோம். ஞாயித்துக்கிழமை தோத்தா கீழ்ப் பிரிவுக்கு இறங்கணும், தெரியும்ல? வேற ஆளைப் பாத்துக்கறேன். நீ வர வேண்டாம்."

தம்பி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான். டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை.  உலகத்தில் அவனிடம் 'கால் எப்படி இருக்கு' என்று கேட்காதவர்கள் அந்த நாலு பேர்தான். அவர்களுக்கு அவன் கால் விஷயமே தெரியாது. தெரிந்ததெல்லாம், நோஞ்சான் மாதிரி ஓடுகிறவன் எந்த அணியிலும் இல்லை என்பதுதான்.

சாப்பிட உட்கார்ந்தோம்.  தம்பி தட்டில் கையை வைத்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ இன்னும் ஒரு பக்கமாவே மெல்லற."

அவள் மெல்வதை நிறுத்தினாள்.

"இந்த வாரம் பல்லுக்கு உறை போடறேன்னு சொன்னியே, போடலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க தினமும் தோக்கறதைப் பாத்துட்டு எப்படிங்க சும்மா இருக்கறது?" என்று அவள் அழுதாள்.

"நான் தோக்கறேன்னு யாரு சொன்னா?"

"முதல் ஆளா சாகறீங்களே!"

"அதான் என் வேலை!" என்றான். குரல் உடைந்தது. "கேளு. காசு கொடுத்துக் கத்தி வாங்கினவனுக்கு யாரையாவது வெட்டியே ஆகணும். இல்லன்னா வாங்கினது எதுக்கு? அவன் கண்ணுக்கு இந்தக் கிழிஞ்ச பனியன் படற மாதிரி நான் போய் நிப்பேன். மூணு பேராவது துரத்திட்டு வருவாங்க. சதுப்பு வரைக்கும் இழுத்துட்டுப் போவேன். அவங்க என்னை வெட்டிக் கொண்டாடறதுக்குள்ள நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் கதவை உடைச்சிருப்பாங்க. நான் செத்த ஆட்டம் முக்காவாசி நாங்க ஜெயிச்சதுதான். நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது முடியற வரைக்கும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. சிவப்பு எழுத்து வந்ததுமே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நான் குளிக்கப் போய்விடுவேன்.

"தங்கத்தைப் போட்டுக்கிட்டு நின்னா எவன் துரத்துவான்? உன் கைராசியில வந்ததாச்சேன்னு கழட்டவும் மனசு வரல" என்றான். பிறகு தட்டைப் பார்த்தபடி, "சாரத்துல இருந்து எப்ப விழுந்தேன்னே எனக்குத் தெரியல. இங்க எப்ப விழணும், எங்க விழணும்னு நான் முடிவு பண்றேன்" என்றான்.

அதற்கு மேல் எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பெரியவள் என்ற மானத்தையெல்லாம் விட்டுவிட்டு அழுதேன்.

ஞாயிறு மதியம் ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். தம்பி கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கி, ஓட்டை வாளியின் பேச்சு இணைப்பைத் தட்டினாள்.

"கேப்டன்! நான் நோஞ்சான் சம்சாரம் பேசறேன்."

எதிர்முனையில் பேச்சு நின்றது.

"காசு போட்டது நான். அவருக்குத் தெரியாது. அவர் உங்ககிட்ட பொய் சொல்லல. தினமும் சாகறாரேன்னு பாவமா இருந்துச்சு, வாங்கிட்டேன். அவருக்கு..." என்று ஆரம்பித்தவள் ஸ்டூல்மேல் நீட்டியிருந்த காலைப் பார்த்தாள். தம்பி வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான். "அவருக்கு இது ரொம்ப முக்கியம்" என்று முடித்தாள்.

 அணியில் வேறு யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் களுக்கென்றான்.

"எத்தனை பெட்டிம்மா வாங்கினீங்க?" என்றாள் கேப்டன்.

"அதை மட்டும் கேக்காதீங்க."

"தோள்பட்டை தெரிஞ்சுதா? தெரிஞ்சு தெரிஞ்சு நழுவிச்சா?"

"ஆமாம்!" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

"என்னையும் அப்படித்தான் மொட்டை அடிச்சாங்க. அதனாலதான் இந்தச் சட்டமே போட்டேன்" என்றாள் அவள். குரலில் இருந்த கரகரப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "ஆனா சட்டம் சட்டம்தான். கவசத்தை உடைச்சிடுங்க. வாங்கின கையே உடைக்கட்டும். உடைச்சா புது ஆள் வேண்டாம், நோஞ்சானே இன்னைக்கு ஆடட்டும்."

உடைத்தால் திரும்ப வராது. அந்தப் பொத்தானுக்கு மேல் டாக்டரம்மாவின் விரல் நின்றது. நாக்கு அவளை அறியாமல் உடைந்த பல்லைத் தடவிக்கொண்டது, எனக்குத் தெரிந்தது. "அழுத்துடி, உன் பல்லுக்கு நான் ஆச்சு" என்றேன். அழுத்தினாள். தங்கம் தூள்தூளாகச் சிதறியது. ஆறுதல் பரிசாக ஒரு தொப்பி விழுந்தது.

ஆட்டம் தொடங்கியது. கிழிந்த பனியனோடு நோஞ்சான் வெட்டவெளியில் போய் நின்று இடுப்பை ஆட்டினான். காசு கொடுத்து வாங்கிய அந்த நாட்டியத்துக்குக் கேப்டன் தடை சொல்லவில்லை. தங்கக் கவசம் போட்ட நாலு பேர் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். நாலு பேர்! தம்பி ஓடினான். ஸ்டூல்மேல் இருந்த அந்தக் காலின் விரல்கள்கூட மடங்கி மடங்கி நீண்டன. மரத்தைச் சுற்றினான், பள்ளத்தில் குதித்தான், வேண்டுமென்றே ஒரு இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்தான்.

எனக்கு முதல்முறையாக அவன் வேலையின் நேர்த்தி தெரிந்தது. அந்தக் காலத்தில் அவன் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது. அதே ஆள்தான் இங்கே ஓடிக்கொண்டிருந்தான்.

சதுப்பின் விளிம்பு வந்தது. நாலு கத்தியும் உயர்ந்தன. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. டாக்டரம்மா மூடவில்லை. சோபாவின் நுனியில் முழங்கால் ஊன்றி நின்றாள்.

"இருங்க, இருங்க, இப்ப சாகாதீங்க!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கதவுகிட்ட இன்னும் அவங்க போகல. இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போங்க, அப்புறம் சாகலாம்."